நீலக் கூப்பேயும் மஞ்சள் டேப்பும்

கைகுலுக்க, வண்டியை விற்கும் கெர்மாரெக் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ரோஸென் அவரைத் தாண்டிப் போய், கொட்டகை வாசலில் வெயிலில் நின்றிருந்த கருநீல வண்டியின் பானெட் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கான்," என்றாள். வாயால் அல்ல, கையால். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சகோதரிகள் இருவருக்கும் இடையே பேச்சு கையில்தான். "சூடான எஞ்சின் யார் தொட்டாலும் கிளம்பும். எனக்கு ஆறின எஞ்சின் வேணும். அது ஆறுற வரைக்கும் காத்திருப்போம்னு சொல்லு."

தங்கை அனிக் கெர்மாரெக்கைப் பார்த்துப் புன்னகைத்தாள். கொங்கார்னோ ஊரின் சுற்றுலா அலுவலகக் கவுன்டரில் இருபது வருஷமாக வருவோர் போவோருக்கெல்லாம் புன்னகைத்துப் புன்னகைத்து, அது அவள் முகத்திலேயே தங்கிவிட்டது.

"ரொம்ப அழகா வச்சிருக்கீங்க முசியே. அக்காவுக்குப் பார்த்ததுமே பிடிச்சுப்போச்சு. வண்டி லேசா சூடா இருக்கே, காலைல எங்கயாவது போய்ட்டு வந்தீங்களோ?"

ரோஸெனின் கண் தங்கையின் உதட்டிலேயே இருந்தது. உலகத்தில் அவளால் ஒரு சொல் விடாமல் படிக்க முடிந்த உதடுகள் அவை மட்டும்தான். கெர்மாரெக்கின் உதடுகள் நரைத்த அடர்ந்த மீசைக்குப் பின்னால் எங்கோ இருந்தன. அங்கே அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் தங்கையைக் கூட்டி வந்திருந்தாள்.

அவள் பானெட்டை இரண்டு விரலால் தட்டினாள். "நான் அதையா சொன்னேன்?"

"சொல்றேன் இரு," என்று அனிக் கையை ஆட்டிவிட்டு, குரலை இன்னும் இனிப்பாக்கிக் கேட்டாள். "ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. எஞ்சின் ஆறினப்புறம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமான்னு அக்கா கேக்கறா."

"ஆறணும்னா மத்தியானம் ஆயிடும் மதாம்."

அனிக் அதைக் கையால் சொன்னதும் ரோஸென் தங்கள் காரின் பின்சீட்டில் இருந்த பிரம்புக்கூடையைக் காட்டினாள். ரொட்டியும் உப்பு வெண்ணெயும் சிடர் என்ற ஆப்பிள் மதுப் பாட்டிலும் கூடைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

லோரியாங் நகரத்தில் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் ரோஸெனுக்கு வேலை. ஐம்பதைத் தொடப் போகிறாள், தனிக்கட்டை, நல்ல சம்பளம். இத்தனை வருஷமாக ஓட்டியது சாம்பல் நிறத்தில், எந்த முகமும் இல்லாத ஒரு சின்னக் கார். அதன் ஆயுள் முடிந்தபோது, இனி வாங்கினால் பெஷோ 504 கூப்பேதான் என்று முடிவு செய்தாள். எழுபதுகளில் வந்த இரண்டு கதவு வண்டி. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, முன்னால் இரண்டிரண்டாக நான்கு விளக்கு. ஏன் இந்த வண்டி என்று யாராவது கேட்டால், "அழகா இருக்கு" என்பாள். அதற்கு மேல் காரணம் சொல்ல அவள் கடமைப்பட்டவளில்லை.

கூப்பேக்காரர்களின் சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போனபோது அங்கே ஒரு பெரியவர் அவள் தோளைத் தட்டி, அனிக் மூலமாக, அன்பாகத்தான் சொன்னார். "பழைய வண்டியைக் காதாலதான் வாங்கணும், காதாலதான் வச்சுக் காப்பாத்தணும். உங்களுக்கு வேற ஏதாவது பொழுதுபோக்கு பார்க்கலாமே." அன்று ராத்திரி ரோஸென் வீட்டுக்கு வந்து அந்த வண்டியின் பழுது பார்க்கும் கையேட்டை வரவழைத்தாள். அதன் பிறகு இரண்டு வருஷம், விற்பனைக்கு வந்த கூப்பேகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தாள். ஒன்றையும் வாங்கவில்லை. ஒவ்வொன்றிலும் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டு வந்தாள்.

இப்போது கெர்மாரெக்கின் வண்டியை அவள் ஒரு சுற்று சுற்றி வந்தாள். முதலில் கதவு. இரண்டே கதவு என்பதால் நீளமாக, கனமாக இருக்கும். கீல் தேய்ந்திருந்தால் தொங்கும். முழுக்கத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். ஆடவில்லை. பிறகு பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் விரலை ஓட்டினாள்.

"அதுல என்ன பார்க்கறாங்க?" என்றார் கெர்மாரெக். "எஞ்சினைப் பார்க்கச் சொல்லுங்க மதாம்."

ரோஸென் சொல்ல, அனிக் வாயைத் திறந்தாள். "எஞ்சின், கியர் பெட்டி எல்லாம் அந்தக் காலத்து டாக்சியில இருந்த அதேதானாம். எங்க வேணா கிடைக்குமாம். ஆனா இந்த உடம்பு இத்தாலியில தனியா செஞ்சதாம். இந்த விளக்குக் கண்ணாடி ஒண்ணு உடைஞ்சா வருஷக் கணக்கா தேடணுமாம். அதனால அதைத்தான் முதல்ல பார்ப்பாளாம்."

"பரவாயில்லையே, நிறைய படிச்சிருக்காங்க." கெர்மாரெக் மீசையைத் தடவினார். "ஆனா இந்த வண்டியோட பெருமையே சத்தம்தான் மதாம். ஒரு தடவை கேட்டுட்டா விட மாட்டீங்க. பட்டு கிழியற மாதிரி இருக்கும். அட, பாவம், அவங்களுக்கு எங்க..." என்று பாதியில் நிறுத்திச் சிரித்தார். அனிக்கும் மரியாதைக்கு லேசாகச் சிரித்து வைத்தாள்.

"என்ன சொல்லிச் சிரிச்சான்?"

"ஒண்ணுமில்லக்கா."

இந்த "ஒண்ணுமில்ல"யை ரோஸெனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜை. அப்பா ஏதோ சொல்வார், மாமாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என்னவென்று இவள் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு பேரும் சிரிச்சீங்க?"

அனிக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோஸென் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தாள். வண்ணம் கீறாமல் இருக்க மெல்லிய துணி சுற்றியிருந்தது. அதைக் கதவின் நடுவில் வைத்தாள், ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தினாள். கதவின் அடி விளிம்புக்கு வந்ததும் காந்தம் பிடியை விட்டு அவள் கையிலேயே விழுந்தது. அங்கே தகரமில்லை. துரு தின்ற இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, மேலே நீலம் அடித்திருந்தார்கள்.

"இது தகரம் இல்ல, வெறும் பட்டி. யார் பூசினதுன்னு கேளு."

"கதவுல ஏதோ கொஞ்சம் வேலை பார்த்த மாதிரி இருக்கேன்னு அக்கா கேக்கறா," என்றாள் அனிக்.

"சின்ன கீறல் இருந்திருக்கும். பழைய வண்டின்னா அப்படித்தான் மதாம்."

ரோஸென் எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டாள். "வா, சாப்பிடலாம்," என்றாள்.

முற்றத்தின் ஓரமாக ஒரு கல்திட்டு இருந்தது. அதில் துணியை விரித்து ரொட்டியை அறுத்தார்கள். கெர்மாரெக் கொட்டகைக்குள் போய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதத்து வெயில் சட்டைக்குள் இதமாக இறங்கியது. வேறொரு நாளாக இருந்திருந்தால் நல்ல சாப்பாடாக இருந்திருக்கும்.

"பட்டி யார் பூசினதுன்னு கேக்கச் சொன்னேன்," என்றாள் ரோஸென். "நீ கேட்டது வேற. நான் பேசறது உன் வாய்க்குள்ள போய் வெளுத்து வெளிய வருது."

"அப்படியே கேட்டா அவர் வெளிய போன்னுடுவார்."

"சொல்லட்டும். எனக்கு வர்ற திட்டு எனக்கு வந்து சேரணும். அதையும் நீயே சாப்பிட்டுட்டு எனக்கு வெறும் தட்டைக் காட்டாதே."

அனிக் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. "நீ கோபமா கையை ஆட்டறே. அவர் யாரைப் பார்த்து முறைக்கறார்? உன்னையா? என்னைத்தான். நீ அவரைத் திருடன்னு சொன்னா, அந்த வார்த்தை என் குரல்ல வருது. பேங்க்ல, ஆஸ்பத்திரியில, உன் வீட்டு ஓனர் கூட வாடகைச் சண்டையில, எல்லா இடத்துலயும் உனக்காகத் திட்டு வாங்கறது நான். ஒரு தடவையாவது அதை யோசிச்சிருக்கியா?"

ரோஸென் யோசித்ததில்லை. நிஜமாகவே யோசித்ததில்லை. தங்கையின் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாதவளுக்கு, அந்தக் குரல் ஒரு பொருள், அது ஒருவருக்குச் சொந்தமானது, அது நோகும் என்பதெல்லாம் தோன்றவில்லை.

"சரி," என்றாள். "நீ போய் கார்ல உட்காரு. இனிமே நீ பேச வேண்டாம்."

"கோவிச்சுக்கிட்டியா?"

"இல்லடி. நீ சொன்னது சரி. என் சண்டையை நானே போடறேன்."

அனிக் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரோஸென் மீதி ரொட்டியை நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு பையிலிருந்து பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரத்துக்கு ஒட்டும் மஞ்சள் பேப்பர் டேப் சுருளை எடுத்தாள். ஒட்டினால் ஒட்டும், பிய்த்தால் தடம் தெரியாமல் வந்துவிடும்.

காந்தம் விழுந்த கதவின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து ஒட்டினாள். அந்தக் கதவு முடிய மூன்று துண்டு. அடுத்த கதவில் ஒன்று. பின்சக்கரத்து வளைவில் காந்தம் எங்குமே நிற்கவில்லை, அங்கே வளைவு முழுவதும் மஞ்சள். டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியில் திருப்புளியின் பின்புறத்தால் தட்டினாள். கைக்குள் வந்த அதிர்வு கெட்டியாக இல்லாமல் தளர்வாக இருந்த இடத்தில் ஒன்று. பிறகு பழைய சாக்கு ஒன்றை விரித்து மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போனாள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனபோது ஓரிடத்தில் பெருவிரல் உள்ளே இறங்கியது.

மிக முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்கமும், முன்சக்கரத்து ஸ்பிரிங் கீழிருந்து வந்து முட்டும் தகரக் கிண்ணங்கள் தெரியும். வண்டியின் முன்பாதி எடை அங்கேதான் நிற்கிறது. அவை துருவேறி இருந்தால் அந்த வண்டியை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். டார்ச்சை அடித்து, கண்ணாடி வைத்து அடிப்பக்கமும் பார்த்தாள். காந்தம் ஒட்டியது. தட்டினாள், கெட்டி. மறுபக்கம், அதுவும் கெட்டி. பக்கத்துத் தகட்டில் பொறித்திருந்த எண்ணும் வண்டியின் பதிவு ஆவணத்தில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அவள் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே மட்டும் ஏதோ துள்ளியது.

அப்போதுதான் முற்றத்துக்குள் இன்னொரு கார் வந்து நின்றது. இளம் தம்பதி, ரென் நகரத்திலிருந்து, அதே வண்டியைப் பார்க்க. கெர்மாரெக் கொட்டகையிலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். தன் வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கருநீல உடம்பு முழுக்க மஞ்சள் மஞ்சளாக ஒட்டியிருந்தது, சரக்கு ரயிலில் அனுப்பும் பார்சல்போல.

"என்ன அக்கிரமம் இது? எடுங்க அதையெல்லாம்."

ரோஸெனின் முதுகு அவர் பக்கம் இருந்தது. அவள் குனிந்து இன்னொரு துண்டு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைத்தான். எடுங்கன்னு சொல்றேன்ல?" என்று கெர்மாரெக் கத்தினார். கோபத்தில் அவருக்கு மறந்தே போய்விட்டது. நாலே எட்டில் வந்து அவள் தோளைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். ரோஸென் தடுமாறிச் சக்கரத்தின் மேல் சாய்ந்தாள், டேப் சுருள் கையிலிருந்து உருண்டு ஓடியது.

கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"கையை எடுங்க," என்றாள் அனிக். முகத்தில் அந்தப் புன்னகை இல்லை. "அவ மேல இருந்து கையை எடுங்க முசியே. காது கேக்காதவ முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்தறீங்க, திரும்பலன்னதும் பிடிச்சுத் தள்றீங்க. வெக்கமா இல்ல?"

கெர்மாரெக்கின் கை தானாகக் கீழே இறங்கியது. "நான் தள்ளணும்னு தள்ளல... வண்டியைப் பாருங்க மதாம், என்ன பண்ணி வச்சிருக்காங்க."

ரோஸென் நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டாள். தோள் வலித்தது. அழுகை வரும்போல இருந்தது, வரவிடவில்லை. அந்த ரென் நகரத்துப் பெண் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸென் நேராக அவளிடம் போய் அவள் உள்ளங்கையில் காந்தத்தை வைத்து, கதவின் நடுவையும் அடியையும் சுட்டிக் காட்டினாள்.

அந்தப் பெண் குனிந்து காந்தத்தை வைத்தாள். ஒட்டியது. கீழே நகர்த்தினாள், விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மஞ்சள் ஒட்டின இடமெல்லாம் இப்படியா?" என்று அவள் கேட்க, "எல்லாமே," என்றாள் அனிக்.

கொஞ்ச நேரம் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் கார் பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கெர்மாரெக்கிடம் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

"ஆச்சா? திருப்தியா?" என்றார் கெர்மாரெக். "குளிர்காலம் பூரா ஒரு ஆளு எட்டிப் பார்க்கல. இன்னிக்கு வந்தவங்களையும் துரத்தியாச்சு."

அனிக் அக்காவைப் பார்த்தாள். "சொல்லு," என்றது அவள் கை. "நீ சொல்றதை அப்படியே சொல்றேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். அவன் சொல்றதையும்தான். முதல்ல சிரிச்சானே, அது நீ எஞ்சின் சத்தம் கேக்க முடியாததைப் பத்தி. நானும் கூடச் சிரிச்சேன்."

ரோஸென் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கெர்மாரெக்குக்கு நேரே நின்று, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு கைகளை அசைத்தாள். அனிக் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"உங்க வியாபாரத்தை நான் கெடுக்க வரல. வண்டியை வாங்கத்தான் வந்தேன். இப்பவும் வாங்கறேன். ஆனா டேப் ஒட்டின வண்டியைத்தான் வாங்குவேன், நீங்க விளம்பரத்துல போட்ட வண்டியை இல்ல. அந்த வண்டி இங்க கிடையாது."

"நான் விக்கலன்னா?"

"ஏன் விக்க மாட்டீங்க?"

"ஏன்னா..." கெர்மாரெக் காரணம் தேடினார். "நாளைக்கு எஞ்சின்ல ஏதாவது தட்டுச்சுன்னா இவங்களுக்கு எப்படித் தெரியும்? நடுரோட்டுல நின்னா? என் மனசாட்சி ஒத்துக்காது மதாம்."

அனிக் அதை ஒன்று விடாமல் சொன்னாள், மனசாட்சி உட்பட. ரோஸெனின் முகம் சிவந்தது.

"சாவியைக் கொடுங்க," என்றாள். "எனக்கு எப்படித் தெரியும்னு காட்டறேன்."

அனிக் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. "கதவுக்குள்ள பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சு விக்கும்போது இந்த மனசாட்சி எந்த ஊருக்குப் போயிருந்துது?"

ரோஸெனின் புருவம் உயர்ந்தது. "கடைசியில சொன்னது நான் சொல்லலியே?"

"அது என்னோடது," என்றாள் அனிக்.

எஞ்சின் இப்போது ஆறியிருந்தது. ரோஸென் முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தாள். தண்ணீர் கலந்தால் படியும் வெள்ளைப் பாலாடை இல்லை. தங்கையைப் புகைக்குழாய்க்குப் பின்னால் நிறுத்தி, என்ன நிறம் வருகிறது என்று பார்க்கச் சொன்னாள். தன் இடதுகையைக் கதவுச் சட்டத்தில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

இந்த வண்டியில் பெட்ரோலைத் தெளிக்கும் பம்ப் ஒன்று உண்டு. அது கெட்டால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் நாட்டில் அருகிப் போனார்கள். கெட்டதா நல்லதா என்பது ஆறிப் போன எஞ்சினைக் கிளப்பும்போதுதான் தெரியும். எஞ்சின் ஒருமுறை உதறியது, அடங்கியது. மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் முரண்டு பண்ணி, பிறகு ஒரே சீரான அதிர்வாக அவள் முழங்கை வரைக்கும் ஏறி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள்.

பின்னாலிருந்து அனிக் கைகாட்டினாள். "நீலமா ஒரு தடவை வந்துது. இப்ப ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு, "நிஜமாவே ஒண்ணுமில்ல," என்று சேர்த்தாள்.

முற்றத்தைத் தாண்டி ஸ்காயேர் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் போய் வந்தார்கள். பின்சீட்டில் கெர்மாரெக் முழங்கால் முகவாயில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கியரில் போடும்போது கம்பி நெருடியதை ரோஸென் கையில் உணர்ந்தாள். பின்பக்கமிருந்து மெல்லிய ஊளை வருவதை அவள் உணரவில்லை. அதை அனிக் கேட்டுச் சொன்னாள். ரோஸென் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்து இறங்கியதும் கெர்மாரெக் கொட்டகை நிழலில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியைப் பார்த்தார், அந்த மஞ்சள் துண்டுகளையும் பார்த்தார்.

"அந்தப் பட்டி நான் பூசினது இல்ல," என்றார். "அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட. பெயிண்ட் நான் அடிச்சேன், அதை ஒத்துக்கறேன். பட்டி அதுக்கு முன்னாடியே இருந்துது. நான் வாங்கினப்பவே இருந்துது."

"வாங்கும்போது பார்க்கலியா?"

"எங்க பார்த்தேன்? அந்த ஆளு சாவியைத் திருப்பினான், சத்தம் கேட்டேன், விழுந்துட்டேன். இவ்ளோ வருஷமா இதே வியாபாரம் பண்றேன். காதால வாங்கிட்டேன்." மீசைக்கு அடியில் சிரித்தாரா என்று தெரியவில்லை. "துரு தெரிஞ்சப்புறம் என் தலையில விழுந்ததை அடுத்தவன் தலையில தள்ளிடலாம்னுதான் பெயிண்ட் அடிச்சேன். மனசாட்சின்னு பேசியிருக்கக் கூடாது."

அனிக் கையால் சொல்லி முடித்தபோது ரோஸெனுக்கு அவர் மேல் இருந்த கோபம் முழுசாகப் போகவில்லை. தோள் இன்னும் வலித்தது.

"என் தோளைப் பிடிச்சதுக்கு?" என்றாள்.

அனிக் அப்படியே கேட்டாள். கெர்மாரெக் எழுந்து நின்றார். அனிக்கைப் பார்க்காமல், அன்றைக்கு முதல்முறையாக ரோஸெனை நேரே பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, மீசையைத் தாண்டித் தெரியும்படி, மன்னிப்புக் கேட்டார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமென்று விட்டாள்.

விலை பேசி முடிப்பதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ரோஸென் ஒரு மஞ்சள் துண்டின் மேல் ஒரு தொகையை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். அவர் அதை அடித்து மேலே ஒன்று எழுதினார். அவள் அதையும் அடித்து, தன் முதல் தொகையையே மறுபடி எழுதினாள். அவர் துண்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

கிளம்பும் நேரத்தில் மேற்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. அனிக்கின் காரை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கேயே விட்டார்கள். அக்காவோடு அந்த வண்டியில்தான் வருவேன் என்று அவள் ஒரே பிடிவாதம். டேப்பையெல்லாம் பிய்க்க ரோஸெனுக்கு மனசில்லை. மஞ்சளோடு மஞ்சளாகவே கிளம்பினார்கள். பானலெக் தாண்டும்போது தூறல் பிடித்தது, குளிரும் சேர்ந்துகொண்டது. அனிக் ஹீட்டரைத் திருகினாள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி உள்பக்கமாக வெள்ளையாகப் பனித்தது. தித்திப்பான ஒரு வாடை வந்தது. அனிக் காலை வெடுக்கென்று மேலே தூக்கிக்கொண்டாள். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து சுடுதண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

ரோஸென் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தாள். ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஒழுகியது. அதை மாற்ற வேண்டுமானால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்று கையேட்டில் படித்திருக்கிறாள். நல்ல வெயிலில் பார்த்ததால் ஹீட்டரைப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இதுக்கு டேப் ஒட்டலியே," என்றாள் அனிக்.

"விட்டுட்டேன்."

"திரும்பிப் போய்ச் சண்டை போடலாமா? நான் பேசறேன். இப்ப எனக்கு நல்லா வருது."

"வேண்டாம். நான்தான் பார்த்திருக்கணும்." ரோஸென் ஹீட்டரை மூடினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் பழைய வண்டி வாங்கி ஏமாறறாங்க. அந்த ஆளே ஏமாந்திருக்கான். நான் மட்டும் ஏமாறாம இருக்கணும்னு என்ன சட்டம்? என்னை யாராவது ஏமாத்திடுவாங்கன்னு சொல்லிச் சொல்லியே ஐம்பது வருஷம் என்னை ஒண்ணும் வாங்க விடல நீங்க எல்லாரும். இது என் வண்டி. என் ஒழுகல்."

அனிக் கழுத்துத் துணியை அவிழ்த்து முன்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த மறுகணமே மறுபடி பனித்தது. ஜன்னல்களை இறக்காமல் ஓட்ட முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது.

இறக்கினார்கள். மழை இரண்டு பக்கமும் உள்ளே வந்தது. ரோஸென் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, இரண்டாவது கியரின் நெருடலைக் கையில் வாங்கி, லோரியாங் போகும் சாலையில் வண்டியை ஏற்றினாள். பின்னால் வந்த லாரிக்காரன் அவர்களின் வேகம் போதவில்லை என்று ஹாரனை அமுக்கினான். அனிக் சொன்னாள்: "பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கறான்."

"அடிக்கட்டும்," என்றாள் ரோஸென், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து.